வெள்ளூரணிக்கு மேலே நின்ற காற்று

வெள்ளூரணியில் முதல் காற்றுப்பை வானத்துக்குப் போனதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி, அந்தப் பையோடு வந்த நகவெட்டியை செல்போனில் ஆர்டர் போட்டு வாங்கியிருந்த தமயந்தி. மற்றொருத்தி, அவளுடைய மாமியார் உலகம்மாள். பச்சைக் குழந்தையைப் படுக்க வைக்கலாம் போன்ற ஓர் அட்டைப்பெட்டி, பிரித்தால் உள்ளே காற்றடைத்த கண்ணாடிப் பைகள் தலையணை தலையணையாக, ஒன்றோடொன்று ஒட்டிச் சரம்சரமாக, அத்தனையையும் அள்ளி வெளியே போட்ட பிறகு பெட்டியின் ஒரு மூலையில், வழிதவறி வந்தது போல, சுண்டுவிரல் நீளத்துக்கு அந்த நகவெட்டி. பைச் சரத்தைத் தமயந்தி வாசலில் கொண்டுபோய்ப் போட்டாள். போட்டது தரையைத் தொடவில்லை. இடுப்பு உயரத்தில் கொஞ்ச நேரம் யோசித்து நின்றுவிட்டு, வேப்பமரத்தை ஒட்டி, துணி காயும் கொடியைத் தாண்டி, சாவகாசமாக மேலே ஏறிப் போனது.

“அத்தே, இந்தப் பை மேல போகுது.”

மிளகாய் வத்தலில் வெளுத்த சோடைக் காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த உலகம்மாள் கண்ணுக்கு மேலே கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள். “போனாப் போகட்டும். கீழ கெடந்தா மாடு தின்னுரும்,” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவில், நாலுவழிச் சாலையை விட்டு உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்குள் இருக்கிற ஊர் வெள்ளூரணி. மாசி பிறந்துவிட்டால் வெயில் விருந்தாளி மாதிரி வந்து வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அந்த வெயிலில்தான் உலகம்மாள் பிழைத்தாள். புருஷன் போன பிறகு காடு காடாக அலைந்து பழமிளகாய் வாங்கி, ஊரணிக் கரையில் குத்தகைக்கு எடுத்த களத்தில் காயப்போட்டு, வத்தலாக்கி விற்று, ஒரே மகன் மதியழகனைக் கப்பல் படிப்புப் படிக்க வைத்து, சரக்குக் கப்பலுக்கு அனுப்பி, நெய்வேலியிலிருந்து தமயந்தியை மருமகளாகவும் கொண்டுவந்துவிட்டாள். தாலிக் கயிற்றில் மஞ்சள் வெளுப்பதற்குள் மதியழகன் கப்பலுக்குத் திரும்பிப் போனான். எங்காவது கரை தட்டுப்படும்போது கூப்பிடுவான். சாப்பிட்டியா என்பான், சாப்பிட்டேன் என்பாள், அம்மா எங்கே என்பான், களத்தில் என்பாள், அதற்குள் சிக்னல் போய்விடும். உலகம்மாள் காலையில் களத்துக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். அந்த நீளமான பகலில் தமயந்தியைத் தேடி வந்த ஒரே ஆள், பைக்கில் இரண்டு பக்கமும் மூட்டை கட்டிக்கொண்டு பார்சல் கொண்டுவருகிற சேவியர் அண்ணன்தான்.

தமயந்தி வீட்டுப் பைகள் மட்டும் மேலே போகவில்லை. ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் மிக்ஸி ஜாரோடு வந்தவை போயின, டீக்கடையில் செல்போன் உறையோடு வந்தவை போயின, பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் சுவர்க்கடிகாரத்தோடு வந்தவை மாடியிலிருந்து புறாக் கூட்டம் மாதிரிக் கிளம்பிப் போயின. பக்கத்து ஊர்ப் பைகளெல்லாம் சாக்கடையிலும் கருவேலங்காட்டிலும் கிடக்க, வெள்ளூரணிப் பைகள் மட்டும் ஏன் மேலே போயின என்று யாரும் துருவிக் கேட்கவில்லை. நல்லது நடக்கும்போது காரணம் கேட்டால் அது கோபித்துக்கொள்ளும் என்று ஊரில் ஒரு நினைப்பு. தெருக் கூட்டுகிற பெண்கள் வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்கள். மாட்டு வயிற்றைக் கிழித்துப் பிளாஸ்டிக்கை உருவி எடுத்துச் சலித்துப்போன கால்நடை டாக்டர் ஒருநாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தார். பஞ்சாயத்துத் தலைவர் கனகவேல், வேறு யாரும் விருது கொடுக்காததால் தானே ஒரு பலகை எழுதி ஊர் எல்லையில் நட்டார்: குப்பை இல்லா வெள்ளூரணி.

மேலேதானே போகிறது என்று ஆனபிறகு ஊருக்குக் கை தாராளமாயிற்று. தேவைக்கு வாங்கினார்கள், பிறகு தேவைப்படலாம் என்று வாங்கினார்கள், பிறகு பக்கத்து வீட்டில் வந்திருக்கிறதே என்று வாங்கினார்கள். பிடிக்காததைத் திருப்பி அனுப்பினார்கள், அதற்குப் பதிலாக வேறொன்று எங்கோ தொலைதூரத்துக் கிட்டங்கியிலிருந்து லாரி ஏறிப் புகை விட்டுக்கொண்டு வந்தது, அதையும் திருப்பி அனுப்பினார்கள். வந்த ஒவ்வொன்றோடும் பை வந்தது, வந்த பை மேலே போனது, போனது ஊருக்கு நேர் மேலே, வேற்றூர்க் காற்று வயிற்றில் இருக்க, ஒன்றை ஒன்று உரசிச் சரசரவென்று சத்தமிட்டபடி அசையாமல் நின்றது.

முதலில் அது நிழல். பங்குனி மாதத்தில் செருப்பில்லாமல் தெருவில் நடக்க முடிகிறது என்பதை வெள்ளூரணி அப்போதுதான் கண்டது. ஆடுகள் நடுத்தெருவில் படுத்துக்கொண்டன, ஆண்கள் மத்தியானத்திலும் சீட்டாடினார்கள், அருப்புக்கோட்டையில் கட்டிக்கொடுத்த பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நிழல் காய வந்தார்கள். சூரியன் பால்கோவா நிறத்தில், ஈரத்துணிக்குப் பின்னால் இருக்கிற விளக்கு மாதிரித் தெரிந்தது. சித்திரையில் ஒரு நாள் கோடை மழை பிடித்தபோது, மேலே தகரத்தில் கல் எறிவது போலப் பெரிய சத்தம் கேட்டது, ஆனால் கீழே ஒரு சொட்டு விழவில்லை. தண்ணீர் அங்கேயே, ஊரணிக்கும் களத்துக்கும் நேர் மேலே, பைகளின் குழிவில் தேங்கி நின்றுவிட்டது. பிறகு நாரைகள் அங்கே இறங்கின. தவளைகள் எப்படிப் போயின என்று தெரியாது, ஆனால் தலைக்கு மேலே தவளை கத்துவதை ஊரே கேட்டது. வறண்டு வெடித்துக் கிடந்த ஊரணிக் கரையில் நின்று அண்ணாந்து கேட்டது.

அதற்குப் பிறகுதான் நிழல் இருட்டாயிற்று. துவைத்த துணியில் பூனை வாடை வந்தது. வேப்பமரம் பூக்கவில்லை. பிள்ளைகள் அரிசி மாவு நிறத்துக்கு வெளுத்தார்கள். உலகம்மாளின் களத்தில், அந்த வருஷம் அவள் வாங்கிக் கொட்டியிருந்த அத்தனை மிளகாயும் காயாமல், பழமாகவும் இல்லாமல் வத்தலாகவும் இல்லாமல், காம்போரத்தில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்துக் கிடந்தது.

சிவகாசியிலிருந்து வானவெடி கொண்டுவந்து விட்டார்கள். வெடி பட்ட இடத்தில் பை உருகி, உருகினது எரிந்துகொண்டே கீழே விழுந்து ஒரு வைக்கோல் படப்பைத் தின்றது. ஓட்டையைப் பக்கத்துப் பைகள் நகர்ந்து மூடிக்கொண்டன. பெரிய ஊரிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார், ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார், கழுத்துப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பிப் போனார்.

ஒரு மத்தியானம் சாப்பாடு கொடுக்கத் தமயந்தி களத்துக்குப் போனாள். உலகம்மாள் மிளகாய்க் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை வாயில் அடைத்திருந்தாள், சத்தமே இல்லாமல் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. புருஷன் செத்த அன்றும் அடுப்புப் பற்றவைத்தவள் என்று ஊர் சொல்கிற பெண் அவள். தமயந்தி தூக்குவாளியை ஓசைப்படாமல் களத்து ஓரத்தில் வைத்துவிட்டு, திரும்பி வீட்டுக்கு நடந்து, நேரே மொட்டைமாடிக்கு ஏறிப் போனாள். மாமியார் கண்ணில் படாமல் பரண் முழுக்க அவள் அடைத்துவைத்திருந்த பெட்டிகள் அவள் நெஞ்சில் அடைத்துக்கொண்டு நின்றன.

வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அவள் மேலே பார்த்துச் சொன்னாள்.

“நகவெட்டி வாங்குனது நான்தான். வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருந்துச்சு. எனக்கு அது வேணாம். அன்னைக்கு யாராச்சும் வாசல்ல வந்து நின்னு என் பேரச் சொல்லிக் கூப்பிடணும்போல இருந்துச்சு. அதுக்காகத்தான் வாங்குனேன்.”

மேலே எங்கோ சின்னதாக ஒரு சரசரப்பு. ஒரு பைச் சரம் கூட்டத்தை விட்டுக் கழன்று, இரண்டு பக்கமும் ஆடி ஆடி இறங்கி, அடைக்கு வருகிற கோழி மாதிரி அவள் மடியில் வந்து உட்கார்ந்தது. தமயந்தி அதைத் தடவிப் பார்த்தாள். வெயில் பட்டுச் சூடாக இருந்தது. பிறகு அவளுக்கு நிறுத்த முடியவில்லை.

“முட்டை அவிக்கிற மிஷின். அதுவும் நான்தான். கொண்டை ஊசி, நிறம் நிறமா. நான் கொண்டை போடுறதில்ல. குளிருக்குப் போடுற கம்பளிக் காலுறை...”

“வெள்ளூரணியில எந்த வாரம்ட்டி குளிருச்சு?”

தார்ப்பாய் எடுக்க வந்த உலகம்மாள் மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. தமயந்தியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் பைகள் இறங்கிக் கிடந்தன.

“முட்டை அவிக்க ஒரு மிஷினா? சட்டிக்கு என்ன வந்துச்சு?”

“சட்டிக்கு ஒண்ணும் வரலத்தே.”

“பேரச் சொல்லிக் கூப்பிடவா இம்புட்டும்?”

தமயந்தி குனிந்துகொண்டே சொன்னாள். “இங்க எல்லாரும் மதி பொண்டாட்டிங்கிறாங்க. கடைக்குப் போனா வத்தக்காரம்மா மருமகங்கிறாங்க. நீங்க ஏட்டிங்கிறீங்க. எங்க வீட்ல விடிஞ்சதுலேர்ந்து யாராவது என் பேரக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்கத்தே. இங்க வந்து எனக்கே மறந்து போயிடும்போல இருந்துச்சு. சேவியர் அண்ணன்தான் வாசல்ல நின்னு முழுசாக் கூப்பிடுவாரு.” அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “உங்க மிளகாயெல்லாம் என்னாலதான் கெட்டுப்போச்சு.”

உலகம்மாள் தார்ப்பாயை மறந்துவிட்டு, பைகளைக் காலால் விலக்கி, மருமகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “தம... யந்தி,” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். “என் வாய்க்கு நீளமாத்தான் இருக்கு. பழகிக்கிடுதேன்.” பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவளாக, தொண்டையைச் செருமிக்கொண்டு அவளும் வானத்தைப் பார்த்தாள்.

“ஏ சாமி, வத்தல் வாங்குற கமிஷன் கடைக்காரர் மகளக் கெஞ்சி நானும் ஒண்ணு வரவழச்சேன். தலைக்குப் போடுற கருப்புச் சாயம். இவ வந்த புதுசுல ரெண்டு பேரும் ஒரே கண்ணாடியில நின்னோம். நான் கெழவி மாதிரி இருந்தேன். அந்தப் பொறாமையிலதான் வாங்குனேன். போட்டா அரிச்சுது, தூரப் போட்டுட்டேன்.”

ஒரு சின்னப் பை, வெட்கப்பட்ட மாதிரி, சுற்றிச் சுற்றி இறங்கி அவள் தலையிலேயே வந்து உட்கார்ந்தது. தமயந்தி அழுகையோடு சிரித்தாள், உலகம்மாளும் சிரித்தாள், அவர்கள் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில், மேலே பைகள் கழன்ற, இந்தத் தடவை மூடிக்கொள்ளாத ஓட்டை வழியாக, ஒரு பாய் அகலத்துக்குப் பளீரென்று வெயில் விழுந்தது.

அந்த வெயில் துண்டைத் தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வாங்கினவர் சொல்ல வேண்டும், எதற்கு வாங்கினோம் என்று உள்ளதைச் சொல்ல வேண்டும், சொன்னால் அவரவர் பை அவரவர் மடிக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே மொட்டைமாடி ஏறியது. மாடி இல்லாதவர்கள் களத்தில் நின்றார்கள், ஊரணிக் கரையில் நின்றார்கள். முதலில் ஜவுளிக்கடைக்காரர், கடையில் ஆயிரம் சேலை தொங்குகிற மனுஷன், தன் சம்சாரத்துக்கு ஆன்லைனில் சேலை எடுத்ததைச் சொன்னார். வாத்தியார் தொப்பை குறைக்கிற பெல்ட்டைச் சொன்னார். அவர் மனைவி அதே பெல்ட்டைத் தனியாக வாங்கியதைச் சொன்னார். ஒரு தாய், பிள்ளைக்கு மூச்சுத்திணறலுக்கு வாங்கிய கருவியைச் சொன்னாள். சொல்லி முடிக்கும் முன்பே அந்தப் பை ஓடி வந்தது. தூக்கம் வரவில்லை, அதனால் வாங்கினேன் என்றார்கள்; சண்டை போட்ட கோபத்தில் வாங்கினேன் என்றார்கள்; பெட்டி பிரிக்கிற சந்தோஷத்துக்கு வாங்கினேன், உள்ளே என்ன இருந்தது என்று இப்போது நினைவில்லை என்று ஒருவர் சொன்னபோது, அவர் வீட்டு மாடியில் ஒரு லாரி லோடு இறங்கியது. யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் தன் முறை வரும் என்று தெரிந்தவன் சிரிக்கிற சிரிப்பு அது, அதில் விஷமில்லை.

கனகவேல் மட்டும், “நடக்கிற மிஷின், பொதுமக்கள் உபயோகத்துக்காக,” என்றார். பை பாதி வழி இறங்கி நின்று, மறுபடி மேலே போயிற்று. ஊர் அவரையே பார்த்தது. “சரி, சரி. எங்க வீட்டுத் திண்டாட்டம். டாக்டர் நடக்கச் சொன்னாரு, தெருவுல நடந்தா ஓட்டுப் போட்டவனெல்லாம் குறை சொல்ல வாரான்,” என்றார். பை வந்துவிட்டது.

தெருவில் பைக்கைச் சாய்த்து நின்றுகொண்டிருந்த சேவியர் கவலையோடு கேட்டார். “எல்லாத்தையும் எறக்கிட்டு இனிமே யாரும் வாங்க மாட்டீங்க. நான் எதக் கொண்டுட்டு வர?”

“வரும்போது கொண்டுட்டு வரதப்பத்தியே யோசிக்கியே,” என்றாள் உலகம்மாள் மேலேயிருந்து. “போகும்போது வெறும் பைக்குதான? என் வத்தல ஏத்திக்கோ. நீ போற ஊர்லயெல்லாம் கொழம்பு வைக்கத்தான செய்யுதாக.”

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க வானம் வெளுத்துவிட்டது. ஒரே ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது. களத்துக்கும் ஊரணிக்கும் நேர் மேலே, மழைத்தண்ணீரைச் சுமந்துகொண்டு, தொங்கிப்போய், நாரைகளோடும் தவளைகளோடும். அது யாருடையது என்று தெருத்தெருவாகக் கேட்டார்கள். எல்லாரும் தங்கள் பைகளைச் சொல்லி முடித்திருந்தார்கள். தமயந்திதான் கடைசியில் வாயில் கை வைத்துக்கொண்டாள். பரணில் அவள் வாங்காத பெட்டிகளும் இருந்தன. நிறம் மாறுகிற விளக்கு, கரடி பொம்மை, இசைப்பெட்டி. துறைமுகம் துறைமுகமாக மதியழகன் போன் வழியாக வாங்கி அவளுக்கு அனுப்பியவை.

கப்பல் நடுக்கடலில் இருந்தது. கரை தட்டுப்படும் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் தண்ணீரோடு அது இறங்கினால் களத்திலிருக்கிற மிளகாய் அவ்வளவும் ஊரணிக்குள் போய்விடும். அதனால் யாரும் சொல்லாமலே ஊர் களத்துக்கு வந்தது. சாக்கில் அள்ளினார்கள், அண்டாவில் அள்ளினார்கள், அந்த அட்டைப்பெட்டிகளிலேயே அள்ளினார்கள். ஜவுளிக்கடை மாடியில், வாத்தியார் வீட்டு மாடியில், கனகவேல் வீட்டு மாடியில், தேவாலயத்துக்கு முன்னால், கோவிலுக்குப் பின்னால், எங்கெல்லாம் வெயில் விழுமோ அங்கெல்லாம் உலகம்மாளின் மிளகாயைப் பரப்பினார்கள். பூத்ததைப் பொறுக்கித் தள்ளியபோது மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. உலகம்மாள் அந்தக் குவியலை ஒரு தடவை பார்த்துவிட்டு, “போகட்டும்,” என்று மட்டும் சொன்னாள்.

மதியழகன் கூப்பிட்டபோது தமயந்தி ஊரணிக் கரையில்தான் நின்றாள், ஊரும் நின்றது. அவள் போனை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்து, விஷயத்தைச் சொன்னாள்.

“எல்லாரும் இருக்காங்களா?” என்றது போன்.

“எல்லாரும் இருக்காங்க.”

“அம்மாவுமா?”

“எலேய், இருக்கேன். சொல்லித் தொல,” என்றாள் உலகம்மாள்.

கடல் காற்றின் இரைச்சலுக்கு நடுவில் அவன் சொன்னான். “கூப்பிட்டா எனக்கு என்ன பேசன்னு தெரியல. சாப்பிட்டியான்னு எத்தன தடவ கேக்க? பாதி வார்த்தையிலயே வாய் அடச்சுக்கிடுது. அதான் பேச நெனச்சப்பல்லாம் ஏதாச்சும் வாங்கி அனுப்பிட்டேன். அது உனக்குப் பிடிக்குமான்னுகூட யோசிக்கல. நான் பேசாததுக்குப் பதிலா அது வந்து நிக்கும்னு நெனச்சேன்.”

மேலே பெரிதாக ஒரு மூச்சு விட்ட மாதிரிச் சத்தம் கேட்டது. பைகள் ஒவ்வொன்றாகக் கழன்று பக்கவாட்டில் ஒதுங்க, நடுவில், சித்திரை மாதத்து மழை மொத்தமும், நாரைகள் சிறகடித்துக் கிளம்ப, தவளைகள் நாலு காலையும் விரித்துக்கொண்டு பறந்து வர, வெடித்துக் கிடந்த ஊரணிக்குள் ஒரே வீச்சில் இறங்கியது. கரையில் நின்ற அத்தனை பேரும் தலையோடு நனைந்தார்கள். “என்ன சத்தம்? என்ன ஆச்சு?” என்று போன் கத்தியது. தண்ணீர் சொட்டச் சொட்டத் தமயந்தி, “தவளை விழுதுங்க. இருங்க, வச்சிராதீங்க,” என்றாள்.

இறங்கிய பைகள் எங்கேயும் போய்விடவில்லை. வெளியே எறிந்தால் திரும்ப மேலே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் குளியலறைக்கு மேலேயும் அவரவர் பை அவரவர் வீட்டில் இருந்தது, இருக்கிறது. புதிதாக ஒன்று வாங்க நினைக்கிறவர்கள் முதலில் அதை வைக்க எங்கே இடம் என்று வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் பாதிப் பேர் போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள், மீதிப் பேர் வாங்குகிறார்கள். கனகவேல் பலகையில் ‘இல்லா’ என்பதை மட்டும் சுண்ணாம்பு பூசி அழித்தார்.

தண்ணீர் இறங்கிய மறுநாள் காலையில் சூரியன், ஒரு பங்குனியையும் ஒரு சித்திரையையும் மிச்சம் வைத்திருந்தது போல, முழு வேகத்தோடு வந்தது. ஜனங்கள் தெருவில் நின்று முகத்தை அதற்குக் காட்டினார்கள். உச்சிப் பொழுதுக்குள் மாடிகளில் பரப்பிய மிளகாய் சலசலக்க ஆரம்பித்தது. காற்று ஒரு சுற்றுச் சுற்றி அந்தக் காரத்தை ஊர் முழுக்கக் கொண்டுபோனது. முதலில் வாத்தியார் தும்மினார், பிறகு அவர் மனைவி, பிறகு தெரு, பிறகு அடுத்த தெரு, பிறகு ஆடுகள். வெள்ளூரணி மொத்தமும் கண்ணில் நீர் வழிய, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, தும்மியது. மாடியில் மிளகாயைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்த மாமியாரும் மருமகளும் மாறி மாறித் தும்மிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தமயந்தி எடுத்தாள், பேச வாயைத் திறந்தாள், தும்மல்தான் வந்தது, மறுபடி திறந்தாள், மறுபடியும் தும்மல். எங்கோ ஒரு துறைமுகத்தில் மதியழகன், சாப்பிட்டியா என்று கேட்காமல், அவள் தும்மி முடிக்கிற வரைக்கும் காதில் போனை வைத்துக்கொண்டு, சிரித்தபடி நின்றுகொண்டிருந்தான்.